சிவப்பைக் கொடுப்பதா, மஞ்சளைக் கொடுப்பதா?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு தேதிகள் எழுதி ஒட்டியிருக்கும். ஒன்று வீட்டுக்காரருடையது: 56 நாளுக்கு ஒருமுறை முழு இரத்தம். மற்றது என்னுடையது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா மட்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அவன் ரத்தம் குடுக்கிறான், சரி. நீ வெறும் மஞ்சத் தண்ணியக் குடுத்துட்டு வந்து, அதுக்கு ஒரு ஜூஸ் வேற குடிக்கிறியா?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கோயில் மாதர் குழுவில் இதே கேள்வி கொஞ்சம் நாகரிகமாக வந்துகொண்டே இருக்கிறது. ரத்தம் கொடுக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டேன், எதைக் கொடுக்க? முழுசாகவா, பிளாஸ்மா மட்டுமா, பிளேட்லெட்டா? கேட்பவர்களில் பாதிப் பேர் பிளாஸ்மா என்றால் ரத்தத்தில் கலந்திருக்கும் தண்ணீர் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் முடிவு மாறியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பை ரத்தத்தை அசைக்காமல் நிற்கவைத்தால் சிவப்பு கீழே இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு திரவம் தெளியும். பாதிக்கும் சற்று மேல், சுமார் 55 சதவீதம், அந்தத் திரவம்தான். அதில் 92 சதவீதம் தண்ணீர் என்பதால் ஆயா சொன்னதில் பெரும்பகுதி சரி. மிச்சத்தில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் எடையில் பெரும்பங்கு புரதம். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டைக்கு ஆறு கிராம் என்று வைத்தால், ஒரு லிட்டர் மஞ்சத் தண்ணீரில் ஒரு டஜன் முட்டையின் புரதம் கரைந்திருக்கிறது. தண்ணீர் என்று ஒதுக்க முடியாத தண்ணீர்.

இந்தப் புரதத்தில் மூன்று பெரிய கூட்டம் உண்டு. முதல் கூட்டம் ஆல்புமின், லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். ஈரல்தான் இதைச் செய்கிறது, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் வீதம். வேலை இரண்டு. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே கசிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது ஒன்று. இது குறைந்தால் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். ஈரல் சுருங்கிய குடிநோயாளிகளை நம் உறவுகளில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது வேலை சுமை தூக்குவது. பித்தநிறமி, கால்சியம், கொழுப்பு அமிலம், ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் எல்லாம் இதன் முதுகில்தான் போகின்றன. பெயரைப் பார்த்து முட்டை வெள்ளைக்கரு என்று நினைக்க வேண்டாம். வெண்மை என்ற லத்தீன் சொல்லிலிருந்து இரண்டுக்கும் பெயர் வந்தது, அவ்வளவுதான். வெள்ளைக்கருவைச் சாப்பிட்டால் அது நேராக ரத்த ஆல்புமின் ஆகிவிடாது. செரித்து, உதிரிகளாகப் பிரிந்து, ஈரலுக்குப் போய், அங்கே புதிதாகக் கட்டப்பட வேண்டும்.

இரண்டாவது கூட்டம் குளோபுலின்கள். இது ஒரே குடும்பம் இல்லை, ஒரே தெரு. ஸ்வீடன்காரர் ஆர்னே டிசெலியஸ் 1937இல் மின்சாரத்தை வைத்துப் புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். ஓட்டப் பந்தயம் மாதிரி, முதலில் ஆல்புமின் போய்ச் சேர்ந்தது. பின்னால் கூட்டம் கூட்டமாக வந்தவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆல்ஃபாவில், நுரையீரலை உடம்பின் சொந்த நொதிகளிடமிருந்தே காக்கும் ஒரு புரதமும், உடைந்த சிவப்பணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினை அள்ளிக்கொண்டு போகும் ஹேப்டோகுளோபினும் இருக்கின்றன. பீட்டாவில் டிரான்ஸ்ஃபெரின், இரும்பைச் சுமந்து எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோகும் வண்டி. இந்த வண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் அது திரும்ப வரும். கடைசியாக மெதுவாக வரும் காமாதான் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமிகளை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதங்கள். நாம் பட்ட அம்மை, போட்ட தடுப்பூசி, தாண்டிவந்த காய்ச்சல் எல்லாவற்றின் நினைவும் அங்கே கரைந்து ஓடுகிறது.

மூன்றாவது, ரத்தம் உறையவைக்கும் புரதங்கள். பெரியது ஃபைப்ரினோஜன், லிட்டருக்கு 2 முதல் 4 கிராம். கத்தி பட்டதும் இது நூலாகத் திரிந்து வலை பின்னும். லேப் ரிப்போர்ட்டில் சில இடத்தில் பிளாஸ்மா என்றும் சில இடத்தில் சீரம் என்றும் போட்டிருப்பார்களே, வித்தியாசம் இதுதான்: உறைந்த பிறகு மிஞ்சும் தெளிவு சீரம். தயிர் கட்டியாகி ஓரத்தில் விடும் நீர் போல. ஃபைப்ரினோஜனுக்குப் பின்னால் எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி என்று எண் போட்ட புரதங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் அளவை நிறுத்துப் பார்த்தால் தராசே அசையாது. ஆனால் எட்டாம் காரணி இல்லாமல் பிறந்த பையனுக்கு முழங்காலில் அடிபட்டால் மூட்டுக்குள் ரத்தம் நிறைந்துவிடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

முழு இரத்தம் கொடுத்தால் 480 மில்லி ஒரு பையில் இறங்கும். ஊசி குத்தி எடுப்பது பத்து நிமிடம். பிறகு அதை யாருக்கும் அப்படியே ஏற்றுவது அபூர்வம், சுழற்றிப் பிரிக்கிறார்கள். சிவப்பணு 42 நாள் வரை குளிரில் தாங்கும். தட்டணு, அதாவது பிளேட்லெட், ஐந்து நாள்தான். பிளாஸ்மா சுமார் 230 மில்லி கிடைக்கும், கடுங்குளிரில் பனிக்கட்டியாக உறையவைத்தால் ஒரு வருடம். ஆக, சிவப்பைக் கொடுப்பவரும் மஞ்சளைக் கொடுத்துத்தான் வருகிறார். 'அவர் ரத்தம் கொடுக்கிறார், இவள் தண்ணீர் கொடுக்கிறாள்' என்ற பிரிவே தப்பு என்று ஆயாவிடம் பிறகு சொன்னேன். நம்பவில்லை.

பிளாஸ்மா மட்டும் கொடுத்தால் ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஒரே கையில் ரத்தத்தை எடுத்து, உள்ளே சுழற்றி, மஞ்சளைப் பையில் விட்டுவிட்டு, சிவப்பை அதே கையில் திருப்பித் தந்துவிடும். என் எடைக்கு ஒரு தடவை 600 மில்லிக்குக் கிட்டத்தட்ட எடுக்கிறார்கள். அதாவது முழு இரத்தப் பையிலிருந்து கிடைக்கும் பிளாஸ்மாவைப் போல் இரண்டரை மடங்கு.

இந்த இரண்டரை மடங்கு ஏன் முக்கியம் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு பையன். சனிக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் என்னிடம் 'அ, ஆ' படிக்கிறவன், பதினோரு வயது, 35 கிலோ. அவன் உடம்பு காமா குளோபுலினைச் செய்யாது. பிறவியிலேயே அப்படி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் அரை நாள் படுத்து அதை ஏற்றிக்கொண்டு வருகிறான். இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், 1952இல். திரும்பத் திரும்ப நிமோனியா வந்த எட்டு வயதுப் பையனின் சீரத்தை டிசெலியஸ் முறையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஆல்புமின் வந்தது, ஆல்ஃபா வந்தது, பீட்டா வந்தது. காமா இருக்க வேண்டிய இடம் காலி. கருவி பழுது என்று முதலில் சந்தேகப்பட்டார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். பிறர் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த காமாவை மாதாமாதம் ஊசியாகப் போட, அந்தப் பையன் தேறினான். இன்றுவரை மருந்து அதேதான். ஏன் மாதாமாதம்? காமாவில் முக்கியமான ஐஜிஜி என்ற வகை, மூன்று வாரத்தில் உடம்பில் பாதியாகக் கரைந்துவிடும்.

கணக்குப் போட்டேன். எடைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் என்றால் என் மாணவனுக்கு ஒரு தடவைக்கு 14 கிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து ஆலையில் பிரித்தெடுக்க முடிவது சுமார் 4 கிராம். ஆக ஒரு தடவைக்கு மூன்றரை லிட்டர், வருடத்துக்கு 13 தடவை, 45 லிட்டர். என்னைப் போல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிற மூன்று பேர் சேர்ந்தால் இது நிரம்பும். முழு இரத்தம் கொடுப்பவர்களிடமிருந்து மட்டும் சேர்த்தால்? ஒருவர் வருடத்தில் ஆறு ஏழு தடவைதான் கொடுக்க முடியும். முப்பது பேர் வேண்டும். நிஜத்தில் மூன்று பேருடைய பிளாஸ்மாவை மட்டும் தனியாகப் பிரித்து அவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்துதான் காமாவை எடுப்பார்கள். அப்படிக் கலப்பதில்தான் அதன் பலமே இருக்கிறது, ஒருவருக்கு வந்த நோயின் நினைவு இன்னொருவரிடம் இருக்காது. ஆனாலும் மூன்றா முப்பதா என்ற அந்த எண்ணிக்கை என் தலையை விட்டுப் போகவில்லை.

அந்த ஆலை எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பைன்டவுனில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. நேஷனல் பயோப்ராடக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற பெயர்ப் பலகையைப் பலமுறை தாண்டிப் போயிருப்போம். அங்கே தயாராகும் மருந்துகளின் பெயரைப் பார்த்தாலே பிளாஸ்மாப் புரதங்களின் அட்டவணை மாதிரி இருக்கும்: ஆல்புமினுக்கு ஆல்புசால், காமாவுக்கு பாலிகாம், எட்டாம் காரணிக்கு ஹீமோசால்வேட், ஒன்பதாம் காரணிக்கு ஹீமோசால்வெக்ஸ். ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்கு ரீசுகாம். நாய் கடித்தவர்களுக்கு ராபிகாம். குவாஸூலு-நடால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் பல பத்தாண்டுகளாக விட்டுப்போகாத தொல்லை என்பதை இங்கே நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ராபிகாமும் தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவின் காமாதான்.

பிரிக்கும் விதமும் அழகானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டின் எட்வின் கோன் கண்டுபிடித்த வழி. குளிர்ந்த பிளாஸ்மாவில் சாராயத்தை, அதாவது எத்தனாலை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு பதத்திலும் ஒவ்வொரு புரதம் கீழே படியும். பாகு காய்ச்சுகிறவர்களுக்குப் புரியும், கம்பிப் பதம் தாண்டினால் உருட்டுப் பதம் என்பது போல. முதலில் படிவது ஃபைப்ரினோஜன், அடுத்து காமா, ஐந்தாவதாக ஆல்புமின். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் தீக்காயம் பட்டவர்களுக்கு இந்த ஆல்புமினை ஏற்றினார்கள். பாட்டிலில் அடைத்த ஆல்புமினை 60 டிகிரி சூட்டில் பத்து மணி நேரம் வைத்து வைரஸ்களைச் சாகடிக்க முடியும், அது கெடாது. எட்டாம் காரணி அப்படித் தாங்காது, அதற்கு வேறு ரசாயன வழி. பிளாஸ்மாவைச் சீக்கிரம் உறையவைக்கவில்லை என்றாலே அது சோர்ந்துவிடும். இயந்திரத்தில் எடுத்த பிளாஸ்மாவை உடனே உறையவைக்கலாம் என்பது மஞ்சள் பக்கத்துக்கு இன்னொரு மதிப்பெண்.

"இதையெல்லாம் ஃபாக்டரியில செயற்கையா செய்ய முடியாதா அக்கா?" என்று குழுவில் ஒரு இளம்பெண் கேட்டாள். நல்ல கேள்வி. எட்டாம் காரணியைச் செய்கிறார்கள்; மரபணுவைப் படியெடுத்து 1992இலேயே மருந்தாக வந்துவிட்டது. வசதியுள்ள நாடுகளில் ஹீமோஃபிலியா, அதாவது பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய், உள்ளவர்கள் பிளாஸ்மாவை நம்பியிருப்பது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் காமாவை அப்படிச் செய்ய வழியில்லை. அது ஒரு புரதம் இல்லையே. ஆயிரமாயிரம் பேரின் லட்சக்கணக்கான எதிர்ப்பொருள்களின் கலவை. மனிதக் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இத்தனையும் படித்தவர்கள் எல்லோரும் மஞ்சள் பக்கம் போங்கள் என்று சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டிலேயே அவர் சிவப்பு, நான் மஞ்சள். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் என் கதை. ஒரு தைப்பூசக் காவடி முடிந்த வாரம், பத்து நாள் விரதம் இருந்த உடம்போடு, டர்பன் பிப்ரவரி வெக்கையில், முழு இரத்தம் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு எழுந்தவள் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்று பொய் சொல்லியிருந்தேன். ஆனால் அடுத்த முறை போனபோது விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அது ஒருநாள் விரதத்தின் விளைவு இல்லை. ஒரு பை ரத்தத்தோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றோ இரண்டோ மில்லிகிராம். புரட்டாசி முழுக்க மரக்கறி, மற்ற மாதங்களில் செவ்வாய், வெள்ளி மரக்கறி, மாதவிலக்கில் போவது தனி, சாப்பிட்ட கையோடு தேநீர் வேறு. டிரான்ஸ்ஃபெரின் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஏற்றத்தான் சரக்கில்லை. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டு அளவு ஏறிய பிறகுதான் மறுபடி போனேன். அப்போதுதான் செவிலியர் பிளாஸ்மாவைப் பற்றிச் சொன்னார்: சிவப்பு உங்களுக்கே திரும்பி வந்துவிடும், இரும்பு போகாது.

இது சோகைக்காரர்களுக்குக் கொல்லைப்புற வாசல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தால்தான் பிளாஸ்மாவும் எடுப்பார்கள். குழாயில் மிஞ்சுவதும் பரிசோதனைக்கு எடுப்பதுமாகக் கொஞ்சம் சிவப்பு ஒவ்வொரு தடவையும் போகத்தான் செய்யும். ஆனால் இரும்பு இருப்பு எப்போதும் விளிம்பில் நிற்கும் என்னைப் போன்ற பெண்களுக்கு, வருடத்துக்கு ஆறு தடவை 200 மில்லிகிராமை இழப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது காரணம் ரத்தப் பிரிவு. நான் ஏபி பாசிட்டிவ். என் சிவப்பணு இன்னொரு ஏபி பாசிட்டிவ்காரருக்குத்தான் சேரும். என் பிளாஸ்மாவிலோ ஏ-வையும் பி-யையும் தாக்கும் எதிர்ப்பொருள் கிடையாது. அதனால் எந்தப் பிரிவுக்காரருக்கும் ஏற்றலாம். வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ். அவருடைய சிவப்பணு எல்லா ஆர்எச் பாசிட்டிவ்காரர்களுக்கும் ஆகும். அவருடைய பிளாஸ்மாவில் இரண்டு எதிர்ப்பொருளும் இருப்பதால் அதை நேரடியாக ஏற்ற ஓ பிரிவு நோயாளிகள் மட்டுமே பொருத்தம். திருநெல்வேலியில் ஜாதகம் பார்த்தபோது பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்கள். ரத்தத்தில் எதிரும் புதிருமாக இருக்கிறோம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மாவில், கருவிலிருந்த குழந்தையின் வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அதை நேரடியாக நோயாளிக்கு ஏற்றினால், அரிதாக, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால் பல நாடுகளில் நேரடியாக ஏற்றுவதற்கு ஆண்களின் பிளாஸ்மாவையே விரும்புகிறார்கள், அல்லது பெண்களுடையதைச் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். அப்படியானால் ஏபி என்ற என் பெருமை என்ன ஆவது? ஆலைக்குப் போவதற்கு இது தடையில்லை. ஆயிரம் பேருடையதோடு கலந்து, பிரித்து, சுத்தமாக்கும்போது அந்த ஆபத்து கரைந்துபோகும். ஆலைக்கு ரத்தப் பிரிவும் ஒரு பொருட்டில்லை. எனவே ஏபி என்பதற்காக மட்டும் பிளாஸ்மாவுக்கு மாற நினைக்கும் தாய்மார்களே, அது பாதிக் காரணம்தான். இரும்புதான் முழுக் காரணம்.

வீட்டுக்காரர் ஏன் சிவப்பிலேயே நிற்க வேண்டும் என்பதற்கு என்னிடம் நீண்ட விளக்கம் இல்லை. இந்த நாட்டில் ரத்தம் கொடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிரசவத்தில் ரத்தம் கொட்டும் பெண்ணுக்கு, நெடுஞ்சாலை விபத்தில் வந்தவருக்கு, பிரிவு பார்க்கக்கூட நேரமில்லாதபோது எடுப்பது ஓ பிரிவுப் பையைத்தான். ஆள் ஆட்டுக்கறிக்காரர், இரும்புக்குப் பஞ்சமில்லை. பத்து நிமிட வேலை. முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னால் அவருக்கு இயந்திரத்தைவிட அதிகமாகச் சத்தம் வரும். எஸ்.ஏ.என்.பி.எஸ். எனப்படும் தேசிய இரத்த சேவையிலிருந்து அவருக்கு வரும் குறுஞ்செய்தியின் அவசரத்தைப் பார்த்தாலே தெரியும் எதற்குத் தட்டுப்பாடு என்று. ஓ என்றால் சிவப்பு. மறுபேச்சே வேண்டாம் என்பது என் கட்சி.

மஞ்சளுக்கு விலை இல்லாமல் இல்லை. 600 மில்லியோடு 40 கிராமுக்கு மேல் புரதம் போகிறது, ஏழு முட்டைக்குச் சமம். அதில் ஆல்புமின் 24 கிராம்; ஈரலுக்கு இரண்டு நாள் வேலை. தண்ணீர் ஓரிரு நாளில் நிரம்பிவிடும். மெதுவாகத் திரும்புவது காமாதான். ஆறு கிராம் ஐஜிஜி போகிறது; உடம்பு நாளொன்றுக்கு இரண்டு கிராம் போலத்தான் செய்கிறது, அதுவும் பழையது அழிவதை ஈடுகட்டவே சரியாகப் போகும். அதனால்தான் இடைவெளி. இங்கிலாந்திலும் இரண்டு வாரம்தான். அமெரிக்காவில் வாரத்துக்கு இரண்டு முறை வரை அனுமதி, காசும் கொடுக்கிறார்கள். அடிக்கடி கொடுப்பவர்களின் ஐஜிஜி அளவு தாழ்ந்தே நிற்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். காசில்லாமல் கொடுக்கும் நம் முறைமேல் எனக்கு மரியாதை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். தொடர்ந்து கொடுப்பவர்களின் மொத்தப் புரதத்தை அவ்வப்போது சோதிப்பார்கள். லிட்டருக்கு 60 கிராமுக்குக் கீழே போனால் நிறுத்திவைப்பது உலகெங்கும் வழக்கம்.

உதடு குறுகுறுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். குழாயில் ரத்தம் உறையாதிருக்க சிட்ரேட் கலக்கிறார்கள். சிவப்போடு அது கொஞ்சம் உள்ளே வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை எறும்பு ஊர்வதுபோல இருந்தது, பயந்தேன். சொன்னதும் வேகத்தைக் குறைத்து, மெல்லுவதற்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போதெல்லாம் போவதற்கு முன் ஒரு டம்ளர் பால். புரதப் பவுடர் வாங்கச் சொல்லி ஜிம்முக்குப் போகும் தம்பிகள் யோசனை சொல்வார்கள், தேவையே இல்லை. முந்தின நாளும் அடுத்த நாளும் ஒரு தட்டு பீன்ஸ் கறி, டால், தயிர் கூடுதலாகச் சாப்பிட்டால் போதும். நூறு கிராம் வெந்த பருப்பில் எட்டொன்பது கிராம் புரதம் இருக்கிறது. எண்ணெயில் பொரித்ததை மட்டும் முந்தின இரவு தவிருங்கள். கொழுப்பு ஏறினால் பிளாஸ்மா பாலாகக் கலங்கிவிடும். வடை சாப்பிட்டுவிட்டுப் போய் வெண்மஞ்சள் பையைப் பார்த்து வெட்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

பிளேட்லெட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதே மாதிரி இயந்திரம், ஒன்று, ஒன்றரை மணி நேரம், எடுத்தது ஐந்து நாளில் காலாவதி. புற்றுநோய் வார்டுகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறது. தடித்த நரம்பும், கூப்பிட்டதும் ஓடிவரும் வேலைநேரமும் உள்ளவர்களுக்கு மிக நல்ல வழி. எனக்கு நரம்பும் மெல்லியது, வேலையும் அப்படி இல்லை.

எங்கள் வீட்டில் இன்னும் ஒருவன் பாக்கி. மகனுக்கு வரும் நவம்பரில் 16 நிறைகிறது. இங்கே 16 நிறைந்து 50 கிலோ இருந்தால் கொடுக்கலாம், அப்பா அம்மா கையெழுத்துகூட வேண்டாம். ஏபி-க்கும் ஓ-வுக்கும் பிறந்தவன் ஏ அல்லது பி-யாகத்தான் இருப்பான். என்னைப் போலவும் இருக்க முடியாது, அவரைப் போலவும் இருக்க முடியாது. ஆகவே எங்கள் இருவர் வாதமும் அவனிடம் செல்லாது. ஆண்பிள்ளை, இரும்புக் கவலை குறைவு, முதல் தடவை. முழு இரத்தமே கொடுக்கட்டும், உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு இயந்திரத்தை யோசிக்கலாம் என்பது என் எண்ணம். தமிழ் வகுப்புப் பையன் அவனுக்குத் தம்பி மாதிரி, அதனால் மகனோ மஞ்சள்தான் என்கிறான். ஆயா இதற்குள் கட்சி மாறி, "புள்ளைக்கு எதுக்கும்மா இப்ப? மொதல்ல அவன் சாப்பிடட்டும்" என்கிறார்.

தினமும் ராத்திரி பீன்ஸ் கறியும் ரொட்டியுமாக ஒரு கட்டு கட்டிவிட்டுத் தராசில் ஏறி நிற்கிறான். நேற்று 48.5.